வச்சது வச்சதுதான்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராக்காரர், பக்கத்து அறைக்காரர், கிருஷ்ணகுமார். றக்வானைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் போல சீட்டாட்டத்தில் தோற்ற ஆள் கிடையாது. தோற்றுவிட்டு அவரைப் போல சிரித்த ஆளும் கிடையாது. பணத்தை நடுவில் வைத்த பிறகு யாராவது மனசு மாறித் திருப்பி எடுக்கக் கையை நீட்டினால், "வச்சது வச்சதுதான்" என்பார். சூதாடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் தோற்கிறவரே அதைச் சொன்னதால் அது அவருடைய சொத்தாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்கிறவர் இலையில் சோற்றைத் தள்ளும்போதுகூட சனம் அதைச் சொல்லிச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. தோற்பதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது?

பெண்சாதி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சியது மகள் ஷாமிளாவும் ஒரு பசுமாடும்தான். அந்த மாட்டின் பாலை விற்றுத்தான் ஷாமிளா உயர்தர வகுப்பு படித்தாள், டவுனுக்கு டியூஷன் போனாள். அவள் டீச்சராகாமல் விடமாட்டாள் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு தீபாவளி அன்று கையில் காசு தீர்ந்ததும், மனுஷன் மாட்டை வைத்து ஆடித் தோற்றார்.

ஜெயித்தவர் லொறி டிரைவர் ஸ்ரீதரன். போதை தெளிந்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, தாயில்லாத புள்ள படிக்குது. புடிச்சுக் கட்டுங்க."

லயமே வேடிக்கை பார்த்தது. அத்தனை பேருக்கும் முன்னால் நம்ம ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வச்சது வச்சதுதான் தம்பி" என்றார். சிலர் கைதட்டினார்கள். பாவிகள்.

ஷாமிளா பரீட்சை எழுதவில்லை. ஊரை விட்டுக் கட்டுநாயக்கவில் கார்மென்ட் பெக்டரி வேலைக்குப் போய்விட்டாள். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வருவாள், சமைத்து வைப்பாள். அப்பா ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை. அதோடு சரி.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து இளைஞர்கள் ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். அந்த மாட்டுக் கதைதான். தலைப்பும் அவர் பேச்சுதான். வீட்டுக்கு வந்து அவரிடம் சம்மதம் கேட்டார்கள். நான் குறுக்கே விழுந்தேன்.

"உங்கள வச்சுக் கூத்தடிக்கப் போறானுங்க. வேணாம்ண்ணே."

"அடிக்கட்டும் தங்கச்சி. அதப் பாத்து ஷாமிளா ஒருதரம் சிரிச்சுட்டா, எங்கூட பேசிருவா."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் சம்மதம் கொடுத்துவிட்டார்.

கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனமும் பார்க்க வருவதால் பாதி வசனம் சிங்களத்தில் இருந்தது. சாக்குக்குள் இரண்டு பேர் புகுந்து மாடாக வந்தார்கள். முன்கால் ஒரு பக்கம் போனால் பின்கால் வேறு பக்கம் போனது. ஷாமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக்கூட கண் நிறைந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் டிரைவர் மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாடகத்து அப்பா அந்தப் பேச்சைச் சொல்ல வாயைத் திறந்தார். மகளாக நடித்தவள் முறைத்தாள். உடனே அந்த அப்பா வாயை மூடிக்கொண்டு, ஓடிப்போய் மாட்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். சந்தோஷமாக முடியட்டும் என்று பிள்ளைகள் கதையை மாற்றியிருந்தார்கள். கோயில் வாசலே சிரித்தது. ஷாமிளாவின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

கூட்டம் கலையும்போது அவர் மெல்ல மகள் பக்கத்தில் போய் நின்றார். "நல்லா இருந்துச்சாம்மா?"

"நாடகத்து அப்பா நல்லவரு. மாட்ட வாங்கிக்கிட்டாரு."

"எனக்கு அன்னைக்கு அப்படித் தோணலயேம்மா. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா..."

"நான் சொன்னேன்ப்பா. பின்னால நின்னு உங்க சட்டையப் புடிச்சு இழுத்தேன். வாங்கிக்கோங்கப்பான்னு சொன்னேன். நீங்க என் கையத் தட்டிவிட்டீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகு அவர் என் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு நீயும் அங்கதானே நின்ன. புள்ள என் சட்டைய இழுத்துச்சா?"

"இழுத்துச்சுண்ணே."

"எனக்கு ஞாபகமே இல்லயே" என்று சொல்லி, என் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.