முன்தோலும் ஆறாம் நம்பர் அறையும்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை என்னுடையது. பௌர்ணமி தோறும் ஆறாம் நம்பர் அறையில் ஒரு வைத்தியர் வந்து இரண்டு நாள் தங்குவார். ஆண்களின் இரகசிய நோய்களைத் தீர்ப்பதாக ஊர்ச் சுவரெல்லாம் அவர் நோட்டீஸ்தான். தலையைக் குனிந்துகொண்டு மாடியேறும் ஆட்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். கொழுப்பு, வேறென்ன.

இருபத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்றே ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. என் முன்தோல் குறியின் முனையை முழுக்க மூடி, அதற்கு மேலும் கொஞ்சம் நீண்டிருக்கும். செல்போனில் தேடிப் பார்த்த படம் வேறு மாதிரி இருந்தது. யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? எங்கள் வீட்டு ஆண்கள் குளிக்கும்போதுகூடத் துண்டை அவிழ்க்க மாட்டார்கள். பம்புசெட்டில் பத்துப் பேர் ஒன்றாகக் குளித்தாலும் அடுத்தவன் முதுகுதான் தெரியும்.

போன பௌர்ணமியன்று நானே ஆறாம் நம்பர் கதவைத் தட்டினேன். வைத்தியர் டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"தோல் ஜாஸ்தி தம்பி. இப்படியே விட்டா குழந்தை பொறக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி வெட்டி எடுத்துடணும். நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்துடு."

தலையாட்டிவிட்டு வந்தேன், மடையன்.

மெத்தைக் கடை வைத்திருக்கும் சிநேகிதனிடம் மட்டும் சாயங்காலம் சொன்னேன். அவன் முஸ்லிம். ரொம்ப வலிக்குமா என்று அவனிடம் கேட்கத்தான் போனேன். எரிந்து விழுந்தான்.

"டேய், எங்களுக்கு அது மார்க்கத்துல உள்ளதுடா. சின்ன வயசுலயே செஞ்சுடுவாங்க. உனக்கு என்னடா கேடு? லாட்ஜ் ரூம்ல கத்தி வெக்கிறவன்கிட்ட போய்ப் படுப்பியா? காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

சீட்டு வாங்கி உள்ளே போனால், உட்கார்ந்திருந்தது ஒரு பெண் டாக்டர். செத்தேன் என்று திரும்பினேன். வாசலில் நின்ற சிநேகிதன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடத் தைரியமாக நான் எதுவும் செய்ததில்லை.

டாக்டர் முகம் மாறவில்லை. "தோல் பின்னால போகுதா? வலி, வெடிப்பு ஏதாவது இருக்கா? ஒண்ணுக்குப் போகும்போது தோல் உப்புதா?"

"நல்லாப் போகுதுங்க. மத்ததெல்லாம் இல்லீங்க."

கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அப்புறம் என்ன? ஒருத்தருக்கு முழுசா மூடியிருக்கும், ஒருத்தருக்குப் பாதிதான் மூடும். சிலருக்குத் தோலே கம்மி, சிலருக்கு உங்களை மாதிரி நீளம். எல்லாருக்கும் மூக்கு ஒரே மாதிரியா இருக்கு? குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குளிக்கும்போது பின்னால தள்ளிக் கழுவுங்க, மறக்காம முன்னால இழுத்து விட்டுடுங்க. இறுக்கமோ வலியோ வந்தா வாங்க. நிறையப் பேருக்குக் களிம்புலயே சரியாயிடும்."

வெளியே வந்து சிநேகிதனைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சீ, விடுடா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

லாட்ஜுக்குத் திரும்பினேன். முப்பது வயதிருக்கும் ஒருவர் மேசைக்கு முன்னால் குனிந்தபடி நின்றார்.

"ஆறாம் நம்பர் எங்கங்க? தோல் எடுக்க வரச் சொன்னாரு. அடுத்த மாசம் கல்யாணம்."

கூடம் நிறைய கிரிவலத்துக்கு வந்த குடும்பங்கள். முதலாளியும் இருந்தார். குரலைத் தாழ்த்த எனக்குத் தோன்றவேயில்லை.

"மேல போகாதீங்க. மொதல்ல பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. எனக்கும் தோல் ஜாஸ்தின்னுதான் சொன்னாரு. எனக்கு ஒரு கேடும் இல்லீங்க."

வந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.