மாமா கூட வந்த புயல்

என் அக்கா கல்யாண வீடியோ எடுப்பவள். மணப்பெண் அழப்போகிறாள் என்பது மணப்பெண்ணுக்கே தெரியும் முன் கேமராவைத் திருப்பிவிடுவாள். ஆனால் கடலில் எங்காவது காற்று சுழல ஆரம்பித்துவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. ஊரெல்லாம் ஜன்னலைச் சாத்த, இவள் கேமராவோடு கடற்கரைக்கு ஓடுவாள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சூறாவளி.

பாவம், ஒரு புயல்கூட இதுவரை அவளுக்கு முகம் காட்டியதில்லை. ஒன்று வடக்கே திரும்பி டிமிக்கி கொடுத்தது. இன்னொன்று கரைக்கு வருவதற்குள் சாதா மழையாகிப்போனது. மற்றொன்று ஒழுங்காகத்தான் வந்தது, அக்காதான் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாள்.

அக்கா புருஷன், என் மாமா, ஜன்னல் கண்ணாடி விற்பவர். கண்ணாடி எப்படியெல்லாம் உடையும் என்று தெரிந்த மனிதர், அதனாலேயே பயந்த மனிதர். அடுத்த புயல் கிளம்பியதும் அவர் பொறுமை போய்விட்டது.

"இதோ பாரு, இதான் கடைசி. நானே கூட வரேன். இந்தத் தடவையும் உருப்படியா படம் வரலைன்னா, அப்புறம் கேமரா கல்யாணத்துக்கு மட்டும்தான். சரியா?"

"சரிங்க" என்றாள் அக்கா. அவள் சொன்ன சொல் மாறமாட்டாள்.

கடலுக்கு எதிரே பல மாடி கார் நிறுத்தம் ஒன்று இருந்தது. மூன்றாவது மாடியில், தடித்த தூண் ஒன்றின் பின்னால் மாமா காரை நிறுத்தினார். பின்சீட்டில் நானும், லென்ஸ் துடைக்கத் துண்டுகளும். கேமராவுக்கு அக்கா பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். உறைக்கு மேலாகவே பட்டனை அழுத்தவேண்டும்: ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடும்போது திரையோரம் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அதை அக்கா பார்த்ததே கிடையாது. புள்ளியைப் பார்த்தால் முகத்தைக் கோட்டைவிடுவோம் என்பாள்.

புயல் வந்தது. ஐயோ, அப்படி வந்தது! கடல் சாலையில் ஏறி நடந்தது. ஒரு கடையின் தகரக் கூரை எங்கள் கண்ணெதிரே பறந்துபோனது. அக்கா தூணைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தாள், நான் அவள் இடுப்பு பெல்டைப் பிடித்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரித்தேன். லென்ஸில் தண்ணீர் படும்போதெல்லாம் பட்டனை அழுத்தி நிறுத்துவாள், துடைப்பாள், மறுபடி அழுத்துவாள்.

திடீரென்று காற்று நின்றது. வெயில்கூட அடித்தது. புயலின் நடுப்பகுதி எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது.

"நிறுத்திட்டேன், பேட்டரிய மிச்சம் பண்ணணும். அடுத்தது இதைவிட மோசமா வரும். ஏய், வாடி, மறுபக்கம் எடம் பாப்போம்!" கேமராவை கார் பானெட்டில் வைத்துவிட்டு ஓடினாள். நாங்கள் ஓடும்போது மாமா காருக்குள்தான் இருந்தார்.

வீடு திரும்பி, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துப் போட்டுப் பார்த்தோம். முதலில் துண்டு வந்தது. அடுத்து அக்காவின் முழங்கால். மறுபடி துண்டு. உறை மாட்டும்போதே பட்டன் ஒரு தடவை அமுங்கியிருக்கிறது. அவள் ஓடவிட்டபோதெல்லாம் கேமரா நின்றது, நிறுத்தியபோதெல்லாம் ஓடியது. கடலும் இல்லை, கூரையும் இல்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் மாமா, மெதுவாக. "கடைசி வரைக்கும் காருக்குள்ள கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன். போதும்மா, விட்டுடு."

அப்போது திரையில் அடுத்த காட்சி ஓடியது. பானெட்டிலிருந்து எடுத்தது. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வெயில். கார்க் கதவு திறந்தது. மாமா இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு கையை விரித்துக்கொண்டு சுற்றினார், சுற்றிச் சுற்றி, தண்ணீர் தெறிக்கக் குதித்தார். தூரத்தில் மறுபடி இரைச்சல் கிளம்பியதும் அதைப் பார்த்துக் கத்தினார்: "வா! வாடா! இன்னும் வா!"

மாமாவின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கண்ணை மூடிட்டா இருந்தீங்க?"

மாமா எழுந்துபோய் ஈரமாகக் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்தார்.

"நீ முகத்தப் பாரு" என்றார், தலை நிமிராமல். "இனிமே அந்தச் சிவப்புப் புள்ளிய நான் பாத்துக்கறேன்."