பன்னிரண்டு எட்டு தள்ளி இருந்த கல்லறை

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவை நீங்கள் அம்பாங்கான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும் மனிதராகத்தான் பார்த்தீர்கள். நான் பார்த்த என் அப்பா ஓர் இடத்தில் உட்காராதவர்.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சின்னக் கோயிலில் ஜெபம் நடத்தியது தாத்தாதான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், இந்துவோ கிறிஸ்துவரோ, முதல் ஆளாகப் போய் நிற்பார். குழி வெட்டுவார், பாடை தூக்குவார். அந்த வீட்டுப் பிள்ளைகளை நம் வீட்டுக்கு அனுப்பி, “முதல்ல இதுங்களுக்குச் சோறு போடு” என்று உங்கள் பாட்டிக்குச் சொல்லிவிடுவார்.

அவருடைய தாயார் அவருக்கு ஒன்பது வயதாகும்போதே இறந்துவிட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. தோட்டத்து இடுகாட்டில் இருந்த கல்லறை ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போய்ப் புல் வெட்டி, மரச் சிலுவைக்குச் சாயம் அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார். அம்பாங்கானுக்குக் குடிவந்த பிறகும் அதை விடவில்லை.

ஒரு வருடம் முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்துவிட்டார். நானாவது போயிருக்கலாம். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சாக்குச் சொன்னேன். அடுத்த வருடம் போனால் ஆள் உயரத்துக்கு லாலான் புல். சிலுவையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது.

“பரவாயில்லடா, கணக்கு இருக்கு” என்றார். சம்பங்கி மரத்தடியிலிருந்து மேட்டுப் பக்கமாகப் பன்னிரண்டு எட்டு. எண்ணி நடந்தார், நின்றார், புதுச் சிலுவையை நட்டார்.

அதற்கு அடுத்த வருடம் தீபாவளியும் கல்லறைத் திருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. நாங்கள் போனபோது அந்தச் சிலுவைக்கு முன்னால் ஓர் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். எங்களுக்கு அடுத்த லயத்தில் இருந்தவர். தீபாவளிக்கு முன் கணவருக்குப் படையல் போட வந்திருந்தார்.

“அண்ணே, இந்தச் சிலுவய நட்டது நீங்கதானா?”

“ஆமா தங்கச்சி. எங்கம்மா இது.”

“உங்கம்மாவா? எங்க வீட்டுக்காரரு லா! உயிரோட இருந்தப்ப எங்க கோயிலுக்கே வராத மனுசன். செத்தப்புறம் புடிச்சு உங்க வேதத்துல சேர்த்துட்டீங்களா?”

தாத்தாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “அப்படிச் செய்வேனா தங்கச்சி?”

“பாடைய முன்னால தூக்கிட்டு வந்தவரே நீங்கதான. எடம் மறந்துருச்சா?”

“எத்தன பேரத் தூக்கியிருக்கேன்...” என்றார்.

அந்த அம்மா என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மேட்டின் ஒரு மூலையைக் கிளறினார். ஒரு பச்சைக் கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகம் தெரிந்தது. அடையாளத்துக்காக நான்கு மூலையிலும் போத்தலைத் தலைகீழாகப் புதைத்து வைத்திருந்தாராம். இரண்டாவது மூலையிலும் இருந்தது. மூன்றாவதைக் கிளறுவதற்குள் தாத்தா, “போதும்மா” என்றார்.

சிலுவையை அவரே பிடுங்கினார். மடங்காத காலோடு குனிந்து அந்தக் குழியை மண் போட்டு அமுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எங்கம்மாவத் தொலச்சிட்டேன்டா” என்றார்.

அந்த அம்மாவின் கோபம் அதோடு போய்விட்டது. “எப்படி அளந்தீங்க?”

“மரத்துலேருந்து பன்னெண்டு எட்டு.”

“எங்க, நடந்து காட்டுங்க.”

நடந்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ அண்ணே! கால்ல கத்தி வச்சப்புறம் கோழிக்குஞ்சு மாதிரில்ல நடக்குறீங்க! இந்த எட்டும் அந்தக் காலத்து எட்டும் ஒன்னா? தம்பி, நீ நட லா.”

நானும் தாத்தாவும் ஒரே உயரம். நடந்தேன். அந்த அம்மாவின் கணவருடைய மேட்டைத் தாண்டி, லாலானுக்குள் பன்னிரண்டு முடிந்தது. பாராங் கத்தியால் புல்லை வெட்டினோம். தரை கொஞ்சம் பள்ளமாக இருந்தது. வேறு அடையாளம் ஒன்றும் இல்லை.

தாத்தா சிலுவையைக் கையில் வைத்தபடி நின்றார். “இதுவும் எங்கம்மா இல்லாமப் போனா?”

“இல்லாமப் போனா வேற யாராச்சும் சண்டைக்கு வருவாங்க. வரட்டும், அப்ப மாத்திக்கலாம். இப்ப சிலுவய நடுங்க.”

நட்டார். மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னார். அந்த அம்மா படையலை முடித்துவிட்டு வந்து கையை நீட்டினார். “எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு மெழுகுவர்த்தி குடுங்கண்ணே. ஒரு வருசமா உங்க ஜெபத்துக்குப் பழகிட்டாரு.”

அதன் பிறகு நான்கு வருடம் தாத்தாவை அங்கே கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் ஜெபம் முடிந்ததும் கிளம்ப மாட்டார். யாராவது சண்டைக்கு வருகிறார்களா என்று மண்பாதையையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மெதுவாக வந்து மோட்டார் சைக்கிளில் என் பின்னால் ஏறிக்கொண்டு, “இந்த வருசமும் யாரும் வரலடா” என்பார்.