தங்க ஊசிக்கு முக்கால் மணி நேரம்

மாமா காஞ்சிபுரத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் அக்குபஞ்சர் கற்றுக்கொண்டார். ஏழாவது ஞாயிறு பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் அக்காவின் தலைவலியில் கை வைத்தார். அம்மாவைத் தவிர வேறு யாரும் அவரிடம் உடம்பை நீட்டத் தயாராக இல்லை.

உடம்பில், சீனர்கள் ‘சி’ என்று சொல்லும் உயிர்ச்சக்தி ஓடுகிறதாம். வெள்ளி ஊசி மிஞ்சியதை வடிக்கும், ஐந்து நிமிடம் போதும். தங்க ஊசி குறைந்ததை நிரப்பும், அதற்கு முக்கால் மணி நேரம். அதற்குள் யாராவது கூப்பிட்டால் சக்தி வழி மாறிவிடும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

அம்மாவுக்குத் தங்கம்தான் பலித்தது. மோட்டார் சாவி எங்கே என்று நாளைக்குப் பத்து தரம் கத்துகிற அப்பா, செல்போனைக்கூடக் கொல்லைக்கு எடுத்துப்போய்ப் பேசினார். நடவு ஆட்களுக்குக் கூழையும் அவரே கரைத்தார். கட்டி கட்டியாக இருந்ததாம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா எனக்குப் பேன் பார்ப்பாள். அந்த நேரத்தை வாராவாரம் ஊசி பிடுங்கிக்கொண்டது. ஒரு வாரம், மாமா கை கழுவப் போன சமயம், மஞ்சள் பிடி போட்ட தங்க ஊசிப் பொட்டலங்களை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்துவிட்டேன்.

மாமா பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். கடைசியில் வெள்ளி ஊசிதான். ஐந்தே நிமிடத்தில் அம்மா எழுந்தாள். அப்பா உடனே சாவி கேட்டார். முகம் வாடிப்போய் அம்மா உலைக்கு அரிசி அளக்கப் போனாள். நான் கதவோரம் ஒண்டிக்கொண்டேன்.

டிரம்மிலிருந்து பொட்டலத்தோடு கையை எடுத்தவள் என்னைப் பார்த்தாள். நேரே மாமாவிடம் போனாள். மஞ்சளில் ஒன்று, அவர் பையிலிருந்த வெள்ளையில் ஒன்று பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தாள். பிடிதான் வேறு நிறம். குத்துகிற முனை இரண்டிலும் ஒரே எஃகு. மாமா அசடு வழிந்தார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, நீ எந்த ஊசிய வேணா குத்து. முக்கா மணி நேரம் ஆவும்னு மட்டும் அவராண்ட சொல்லிடு.”

மறுபடி பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சத்தமில்லாமல் கொல்லைப் பக்கம் போனார். அடி விழாமல் தப்பியதில் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும், எந்த ஊசியானாலும் சரி என்கிறாளே, தலைவலி தீரவேண்டும் என்ற அக்கறையே அம்மாவுக்கு இல்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.