பூஜையில் வைத்த கிட்டார்

வார்னிஷும் சந்தனமும் ஒன்றாக மணந்தால் எனக்கு நடை நின்றுவிடும். போன மாதம் அடையாறில் ஒரு மரச்சாமான் கடை வாசலில் அப்படித்தான் நின்றேன். யாரோ வாங்கிய புது அலமாரியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கடைக்காரர் அதன் நெற்றியில் சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஈர வார்னிஷ், ஈரச் சந்தனம். பின்னால் வந்தவர், "வழிய வுடும்மா, நட்டநடுவுல நின்னுக்கினு" என்று இடித்துக்கொண்டு போனார். நகர்ந்தேன். எங்கே போகக் கிளம்பினேன் என்பது மறந்துவிட்டது. கண்ணுக்குள் ஒரு கிட்டார், மஞ்சளும் கருப்புமாக, பட்டுத் துணியின் மேல் படுத்திருந்தது. அதன் வயிற்றில் ஒரு சந்தனப் பொட்டு.

அதை எனக்கு வாங்கித் தந்தவள் என் அக்கா. அது பாடி அவள் கேட்டதே இல்லை.

இதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விவரம்தான். ஆனாலும் விவரங்களை விட எனக்கு மனசில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதி. அக்காவுக்கு இருபத்தாறு வயது. கிண்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சர். வீட்டுக்கு வந்தால் வீணை. எனக்கு இருபது. கல்லூரித் தோழியின் சாதா கிட்டாரை இரவல் வாங்கி வாங்கி விரல் நுனி காய்த்துப்போனவள். கேபிள் டிவி வந்த புதிது. பக்கத்து வீட்டுப் பெட்டியில் நீளமுடிக்காரர்கள் மின்சாரக் கிட்டாரை அழவைப்பதைப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம்தான் சொல்வேன். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல் நின்றால், அந்த ஸ்வரம் அப்படியே நிற்கிறதாம், போகவே மாட்டேன் என்கிறதாம். அக்கா வீணையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். வீணையில் அவளுக்கு இருந்த ஒரே குறை அதுதான். "நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஸ்வரம் செத்துப் போயிடறதுடி" என்பாள்.

நவராத்திரி வந்தது. அக்காவுக்குப் பண்டிகை முன்பணம் வந்தது. எட்டாம் நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு என் கல்லூரி வாசலுக்கே வந்து நின்றாள்.

"வாடி, தி. நகர் போலாம்."

"புடவையா?"

"ஆமா. ஆறு கம்பி வெச்ச புடவை."

பனகல் பார்க்குக்குப் பின்பக்கம் ஒரு குறுகலான வாத்தியக் கடை. நாங்கள் படி ஏறவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அரை இருட்டில் கடைக்காரர் எங்கள் இரண்டு பின்னல்களையும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வீணைத் தந்தியா?" என்றார்.

"எலக்ட்ரிக் கிட்டார். இவளுக்கு."

"பாப்பாவுக்கா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆர்மோனியம் ஒண்ணு கீது, சோக்கா இருக்கும், பாக்கறியா?"

"கிட்டார்தான்" என்றாள் அக்கா. அவள் ஒன்றை இரண்டாம் முறை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இறக்கி என் மடியில் வைத்தார். முதலில் கனம். சாதா கிட்டார் வெறும் பெட்டி, உள்ளே காற்று, இது கட்டை. தூங்குகிற குழந்தையைத் திடீரென்று கையில் கொடுத்த மாதிரி இருந்தது. நடுவில் மஞ்சள், விளிம்புக்குப் போகப் போகப் பழுப்பு, ஓரத்தில் கருப்பு. கழுத்து ஒல்லி, என் சின்னக் கை முழுசாகச் சுற்றி வந்தது. கம்பிகள் அவ்வளவு தாழ்ந்து கிடந்தன, அழுத்தக்கூட வேண்டாம், நினைத்தால் போதும் போல. தட்டினேன். வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. யாரோ அடுத்த அறையில் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.

அக்கா குனிந்து காதை மரத்தின் மேல் வைத்தாள். "என்னடி இது, கொசு பாடறது?"

"கரண்டு வரட்டும், அப்பால கேளு." கடைக்காரர் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியைக் காலால் தட்டினார். "இதுல சொருகினா இடி கணக்கா கேக்கும். அக்கம்பக்கத்துக்காரன் சண்டைக்கு வந்தா என் பேரச் சொல்லாத."

அக்கா இதற்குள் விரல் வைத்து மெட்டுகளை எண்ணிவிட்டிருந்தாள். "வீணைக்கு இருபத்துநாலு மெட்டு. இதுல இருபத்திரண்டுதான் இருக்கு. ரெண்டு குறையறது. வெலையக் குறைங்கோ."

"அட இன்னாம்மா நீ! உன் வீணைலேர்ந்து ரெண்ட கயட்டி இதுல மாட்டிக்க."

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. அரை மணி நேரம் காத்திருந்தோம். கரண்ட் வரவில்லை. "வாங்கிடலாம்டி. ஆத்துல போய்க் கேட்டுப்போம்" என்றாள். கேட்காமலே வாங்கினோம். அந்தப் பணத்தில் அவள் தனக்கொரு கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டிருக்கலாம். அது தேவைப்படும் என்பது அன்றைக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு பி பஸ்ஸில் ஸ்பீக்கர் பெட்டி அவள் மடியில், துணி சுற்றிய கிட்டார் என் மடியில். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இன்னா மீனு இது, இம்மாம் நீளம் கீது?" என்றார்.

"வஞ்சிரம்" என்றாள் அக்கா பட்டென்று.

பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு மீனின் பெயரும் தெரியாது. "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "ஆபீஸ்ல சொல்லுவா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு மதில்தான்.

வீட்டில் அம்மா, "அஷ்டமியும் அதுவுமா புதுசு வாங்கிண்டு வருவாளா யாராவது?" என்று ஆரம்பித்தாள். துணியைப் பிரித்ததும், "அனல்ல காட்டின அப்பளம் மாதிரின்னா இருக்கு" என்று தொட்டுப் பார்த்தாள். கூடத்தில் கொலு. வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபோது மாடி வீட்டுக்காரர் படுத்துவிட்டிருந்தார், சத்தம் போட முடியாது. அப்பா கிட்டாரின் கழுத்தை மூக்குக்கண்ணாடி வழியாக ஆராய்ந்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார்.

நாளைக்கு என்பது சரஸ்வதி பூஜை.

அன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் பூஜையில் வைத்தால், மறுநாள் விஜயதசமிக் காலையில் எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாளாக இருந்தாலும் புத்தகம் புத்தகம்தான், பூஜை பூஜைதான். நான் தாமதமாக எழுந்து வந்தபோது, அப்பாவின் புத்தகங்கள் அடுக்கியிருக்க, அவற்றுக்குப் பக்கத்தில் பட்டுத் துணியில் வீணை, வீணைக்குப் பக்கத்தில் என் கிட்டார். அதன் வயிற்றில், கம்பிகளுக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரச் சந்தனம். வழிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்க! இதென்ன ஸ்கூட்டரா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எங்க?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"புதுசுன்னா பொட்டு வெக்கணும்டி. சரஸ்வதி கோச்சுப்பா."

"உள்ள ஒயர் இருக்கு! ஈரம் போனா போச்சு!"

"போனா வேற வாங்கித் தரேன்."

"நீ கிழிச்ச."

அதற்கப்புறம் நான் அவளோடு பேசவில்லை, சாயங்காலம் நாலு மணி வரைக்கும். நாலு மணிக்கு அவள் சுண்டல் தூக்கை எடுத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்துத் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

காலையில் அவள் வரவில்லை. அப்பா கற்பூரம் காட்டி முடித்ததும் நான்தான் முதலில் பாய்ந்து கிட்டாரைத் தூக்கினேன். அதற்கடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அக்காவின் கையெழுத்து, அப்பாவுக்கு. இதை நீங்கள் படிக்கும்போது என் கல்யாணம் முடிந்திருக்கும். அவர் என் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். பாலவாக்கம். மாதா கோயில் குடும்பம். அவருடைய அம்மா மீன் விற்கிறார். உங்களிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரு கடிதத்தை ஒரு ராத்திரி முழுக்க ஒளித்துவைக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. எங்கள் பக்தியையே பூட்டாக்கிப் பூட்டியிருந்தாள்.

அப்பா படித்தார். மடித்துப் பட்டுத் துணிக்கடியிலேயே திரும்ப வைத்தார். "அவ பேச்சு இனிமே வேண்டாம்" என்றார், சத்தம் போடாமல். புத்தகங்களை எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்துப் படித்தே ஆகவேண்டிய ஒரு பக்கத்தை யாரும் படிக்கவில்லை. வீணையை யாரும் தொடவில்லை. பூ காய்ந்தது. பொரியில் எறும்பு வந்தது. நாலைந்து நாள் கழித்து அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள், சாவு வீட்டில் சாமான் ஒதுக்குகிற மாதிரி. அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது வந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஸ்பீக்கரில் சொருகினேன். முதலில் ஒரு ரீங்காரம், பெட்டி மூச்சு விடுகிறதுபோல. பிறகு ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல் நின்றேன். இடி இல்லை. அக்கா வீணையில் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாளே, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு அது நகர மறுத்தது. கொலுப்படி, ஜன்னல், எவர்சில்வர் தவலை எல்லாம் அதோடு சேர்ந்து அதிர்ந்தன. "அக்கா, நிக்கறதுடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

பாலவாக்கம் எத்தனை தூரம்? இரண்டு பஸ். நான் போவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பாவிடம் பயம், அவளிடம் கோபம். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்கிற கோபம். ஒருநாள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கடலைப் பார்த்த சின்ன வீடு. வாசலில் கூடையை அலசிக்கொண்டிருந்த அம்மாள் என் தோளைப் பார்த்தார், அப்புறம் முகத்தை.

"கிட்டாரு பொண்ணா நீ? தங்கச்சியா?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இப்ப வந்து நிக்கறியேம்மா. மாத்தலாயி ரெண்டு பேரும் தூத்துக்குடி போய் மூணு மாசம் ஆவுது. உன்னப் பத்தித்தான் சொல்லிக்கினே இருக்கும். சந்தனம் வெச்சதுக்குத் திட்டினியாமே?"

கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"இந்தக் கிட்டாரு எப்பிடிக் கத்தும்னு உங்க அக்காவுக்குத் தெரியாதாம். எங்க, ஒருக்கா வாசி, நான் கேட்டுச் சொல்றேன் அதுக்கு."

ஸ்பீக்கர் கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து வாசித்தேன். கடல் காற்று. அந்த அம்மாள் பக்கத்தில் வந்தார், தலையைச் சாய்த்தார், பொறுத்துப் பார்த்தார். "ஒண்ணுமே கேக்கலியேம்மா" என்றார் வருத்தத்தோடு. டீ போட்டுத் தந்தார். தூத்துக்குடி விலாசம் எழுதின தாளையும் தந்தார். மழைக்காலம் கழித்து எழுதலாம் என்று இருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை வந்து அக்கா போய்விட்டாள். அவள் கணவர் எழுதிய தபால் கார்டு எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. அம்மா பின்கட்டுக் குழாயடியில் புடவையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். அப்பா வந்து நின்றார். பிறகு அவரும் சொம்பை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

கிட்டார் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கல்யாணக் கச்சேரிகளில் கொஞ்ச காலம் வாசித்தேன், விட்டுவிட்டேன். கம்பிகளுக்குக் கீழே காய்ந்த சந்தனம் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஈரம் உள்ளே போயும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத்தான் அந்த நாலு மணியைத் தாண்டிப் போகத் தெரியவில்லை. கடிதத்தைக் கிட்டாருக்கடியில் வைத்தவள் அவள். கிட்டாரைத் தூக்கு என்று கேட்டவளும் அவள். வாசித்துக் கேட்கத்தான் ஆசைப்பட்டாளா? இல்லை, கடிதம் வெளியே விழட்டும், யாராவது கையைப் பிடித்து நிறுத்தட்டும், கத்தட்டும், அழட்டும், சொல்லிவிட்டே போகலாம் என்று நினைத்தாளா? இன்றுவரை தெரியவில்லை.

அன்று நாலு மணிக்கு அம்மா உள்ளே தூக்கில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஈஸிசேரில் கண்ணயர்ந்திருந்தார். படிக்கவும் கூடாத நாள். நான் கொலுவுக்கு எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா நீலப் பருத்திப் புடவையில், தோளில் கைப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு தடவை எடுத்து வாசியேன்டி."

"பூஜைல இருக்கு."

"சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"கார்த்தால யாரோ சரஸ்வதி கோச்சுப்பான்னா."

"அது கார்த்தால. அந்த ஒரு ஸ்வரம் நிக்கும் நிக்கும்னியே, எவ்வளவு நேரம் நிக்கறதுன்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"நீதானே கொண்டுபோய் வெச்ச? நாளைக்கு எடுக்கறச்சே வந்து கேளு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசிக்க வேண்டாம். சும்மா கையிலயாவது எடேன்."

"மாட்டேன்."

அம்மா வந்து தூக்கைக் கொடுத்தாள். அக்கா எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள அவளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். போ."

"சரி. சத்தமா வாசிடி. அடையாறு தாண்டிக் கேக்கணும்."