கண்ணாடிக்காரர் வீட்டு பி.பி.

டோக்கன் அக்காவின் கணவருக்கு ரத்தக்கொதிப்பு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் உரக்கத் தும்மியதுகூட இல்லை.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார், படங்களுக்குச் சட்டம் போடுவார். ஆள் உயரக் கண்ணாடியைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்க, சாலையைக் கடந்துவிடுகிற தைரியசாலி. தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்டவரிடம் பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில், "டென்ஷன் ஆகாம பாத்துக்குங்க" என்றும் சொல்லிவைத்தார். மருந்துச் சீட்டைக் கண்ணாடிக்காரர் மனைவியிடம் நீட்டிவிட்டார். கடைசியாகச் சொன்னதை மட்டும் தானே எடுத்துக்கொண்டார். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டாததுதான் பாக்கி.

அதற்குப் பிறகு குழாய் ஒழுகினால் அவருக்கு பி.பி. ஏறியது. கரண்ட் போனால் ஏறியது. மகள் தோழிகளோடு வெளியூர் போகட்டுமா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் ஏறியது. "எனக்கு ஏறுது, ஏறுது" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். எதிரே நிற்பவர் எவ்வளவு நியாயத்தோடு வந்திருந்தாலும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஊரில் பதவியை வைத்து அதிகாரம் செய்கிறவர்கள் உண்டு, பணத்தை வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. இவர் ஒரு வியாதியை வைத்தே வீட்டை ஆண்டார்.

அந்த ஆட்சியில் செய்தித் துறை டோக்கன் அக்காவிடம் இருந்தது. எந்தச் செய்தி அவர் காதுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திப் பிரித்துவிடுவாள். அவருடைய அண்ணன் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "உங்க அண்ணன் வெளியூர் போயிருக்காராம்" என்றாள். கல்யாணமான மகள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பெட்டிகளோடு வந்து இரண்டு மாதம் தங்கியபோது, "ஆபீஸ்ல லீவு குடுத்திருக்காங்க" என்றாள். கண்ணாடிக்காரர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறாரே, பாவம் மனுஷன் என்று அவளுக்கு அப்போது மனம் உருகியது.

ரகசியம் காப்பதில் அவளுக்குத் தொழில் பழக்கமும் உண்டு. கடைத்தெருவில் ஒரு டிரை கிளீனிங் கடையில் துணி வாங்கும் மேஜை அவளுடையது. வந்த துணியை விரித்துக் கறை பார்த்து, பட்டன் விட்டிருக்கிறதா என்று பார்த்து, காலரில் நம்பர் டோக்கனை ஊக்கால் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். அதனால்தான் டோக்கன் அக்கா. சட்டைப் பைகளில் என்னென்னவோ கிடைக்கும். வேறு ஊர் பஸ் டிக்கெட், வேறு பெண்ணின் கம்மல், மனைவிக்குத் தெரியாத சிகரெட். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஆளைப் பார்த்து, தனியாக இருக்கும்போது மட்டும் நீட்டுவாள். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடுவாள். கடையில் அவளுக்கு நல்ல பேர்.

கணவரின் மாத்திரையும் அவள் பொறுப்புத்தான். காலை டிபன் முடிந்ததும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் கொடுப்பாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்குவார். அது வெள்ளையா மஞ்சளா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மத்தியானம் கடையிலிருந்து போன் செய்து, "நான் மாத்திரை போட்டேனா?" என்று அவளைக் கேட்பார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருவரும் டாக்டரம்மாவிடம் போவார்கள். பழைய டாக்டர் ஊரைவிட்டுப் போய், அந்த கிளினிக்கில் இப்போது இந்தம்மா. கண்ணாடிக்காரருக்கு பி.பி. மிஷின் மேல் நம்பிக்கை இல்லை. அளவெடுத்துப் பிழைக்கிறவர், அடுத்தவர் அளவுகோலைச் சந்தேகப்படத்தானே செய்வார். அன்றைக்கும், "முதல்ல இவளுக்குப் போட்டுப் பாருங்க. மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரியணும்" என்றார். டோக்கன் அக்கா கையை நீட்டினாள். பட்டை இறுகியது, தளர்ந்தது. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஒரு முறை காற்றடித்துப் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. டோக்கன் அக்காவுக்கு அந்த எண்ணின் அர்த்தம் நன்றாகத் தெரியும். கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மிஷின் சரியா இருக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

பிறகு அவருக்குப் பார்த்தார்கள். நூற்று இருபத்தாறு. "ரொம்ப நல்லா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னதும், வர வேண்டிய பிரமோஷன் கைவிட்டுப் போனவர் மாதிரி அவர் முகம் தொங்கிவிட்டது.

அடுத்த வாரம் டோக்கன் அக்கா தனியாகப் போனாள். மறுபடி பார்த்தபோதும் எண் இறங்கவில்லை. ரத்தம், மூத்திரம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதினார். தினமும் காலையில் ஒன்று, நன்றாக இருந்தாலும் போட வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? பதினோரு வருடமாக இன்னொருவர் வாயில் ஊட்டிவிடுகிறாளே. ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். தனக்கு என்று வந்ததும் அவளுக்கு முதலில் தோன்றிய கவலை, இதை அவருக்குத் தெரியாமல் எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான்.

போனில் மகளிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றாள் மகள்.

"எப்படி சொல்றது? உங்கப்பாவுக்கு பி.பி. இருக்கே."

"அம்மா, நீ பேசறது உன் காதுல விழுதா?" என்றாள். அவள் காதில் விழவில்லை.

மாத்திரை அட்டையைக் கடை மேஜையின் இழுப்பறையில், ஊக்கு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். கடைக்குப் போகும் நாளெல்லாம் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அதனால் ரத்தக்கொதிப்புக்கும் லீவு. தலையும் வலிக்கவில்லை, நெஞ்சும் வலிக்கவில்லை, ஒரு நாள் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இருந்துவிட்டாள். மூன்றாவது மாதம் கடையில் துவைக்கும் இயந்திரம் பழுதாகி, முதலாளியம்மா ஒரு வாரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டார். மாத்திரை உள்ளே, இவள் வெளியே. புதிதாக வாங்கினால் வீட்டில் அட்டையை வைக்க இடமில்லை. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. ஒரே வீடு, ஒரே வியாதி. அவர் அட்டையிலிருந்தே ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன? மாமியார் காலத்திலிருந்து ஒரே சோப்பு, ஒரே சீப்பு என்று புழங்குகிற வீடு. மாத்திரை மட்டும் தனித்தனியா?

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பிதுக்கினாள். கடை திறந்த அன்று காலையிலும் பழக்க தோஷத்தில் வீட்டில் ஒன்று போட்டுக்கொண்டாள். கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்ததும் தன் மாத்திரையைப் பார்த்தாள். விட்டுப்போன நாளுக்கெல்லாம் ஈடு கட்டினாற்போல ஆகட்டும் என்று அதையும் போட்டாள். மேல் கம்பியில் ஒரு நீள கவுனை மாட்ட முக்காலியில் ஏறியவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கவுனோடு சேர்ந்து கீழே வந்தாள். இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினார். நெற்றியில் மேஜை முனை இடித்து ரத்தம். கவுனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலாளியம்மா முதலில் அதைத்தான் பார்த்துச் சொன்னார்.

டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்கிற விதத்தில் கேட்டு முழுக்கதையையும் வாங்கிவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் செருப்ப நீங்க போட்டுக்கிட்டு நடப்பீங்களா?"

"அது பெருசா இருக்குமே, டாக்டர்."

"மாத்திரையும் அப்படித்தாம்மா. அவருக்கு எழுதினது இதயத் துடிப்ப மெதுவாக்கற மாத்திரை. உங்களுக்குக் குடுத்தது ரத்தக் குழாய தளர்த்தறது. ரெண்டையும் நீங்களே சேத்துப் போட்டா இப்படித்தான் விழுவீங்க. விட்ட நாளுக்கு சேத்துப் போடற கணக்கும் கெடையாது."

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர், வலிகூட இல்ல."

"பி.பி. சொல்லிட்டு வராதும்மா. சத்தமில்லாம உள்ளுக்குள்ள குழாய அரிச்சுக்கிட்டே இருக்கும். வலிக்கற அன்னிக்கு இதயமோ மூளையோ கிட்னியோ கெட்டுப் போயிருக்கும். அதனாலதான் தெனமும் போடச் சொல்றோம். ஞாயித்துக்கிழமையும்தான்."

டோக்கன் அக்கா கேட்டாள்: "இத அவர்கிட்ட சொன்னா அவருக்கு ஏறாதா?"

"கோபம் வந்தா, பயந்தா, யாருக்கும் கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் எறங்கிடும். நிம்மதியா இருக்கறது நல்லதுதான், வேணாங்கல. ஆனா அவருக்கு இத்தன வருஷம் கட்டுக்குள்ள இருந்தது மாத்திரையாலம்மா. நீங்க சொல்லாம மறைச்சதால இல்ல."

"அப்ப நான் இத்தன வருஷமா செஞ்சது?"

டாக்டரம்மா அதற்கு மருந்து எழுதவில்லை. "ஒருநாள் அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்து, கைகால் கழுவி, காபி டம்ளரைப் பாதி காலி செய்த பிறகுதான் அவள் நெற்றியைக் கவனித்தார். "என்ன கட்டு?" என்றார்.

கதவில் இடித்துக்கொண்டேன் என்ற பதில் தானாகவே நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"எனக்கு பி.பி. இருக்குங்க. மூணு மாசமா இருக்கு. உங்க மாத்திரைய நானும் எடுத்துப் போட்டேன். மயக்கம் வந்து கடையில விழுந்துட்டேன்."

அவர் கை நெஞ்சுக்குப் போனது. "இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்ற? எனக்கு ஏறாதா?"

"ஏறாது. காலையில மாத்திரை போட்டீங்க. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

நெஞ்சில் வைத்த கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் சொறிந்துவிட்டுக் கீழே இறக்கினார். வாய் திறந்தது திறந்ததுதான் என்று டோக்கன் அக்கா மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னாள். அவர் "ம்" என்றார். மகளின் இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொன்னாள். அதற்கும் "ம்" என்றார். இடி விழும் என்று எதிர்பார்த்தவளுக்கு இந்த "ம்" புரியவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னால மார்ல ஒரு கட்டி இருந்துது. ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்கல. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் ஒரு வார்த்த சொல்லல."

"தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்ன தெரியும்?"

"லேப்லேருந்து கடைக்கு போன் பண்ணாங்க. உன் நம்பர் கெடைக்கலையாம். அப்பவே தெரியும். பொண்ணு விஷயமும் தெரியும். எந்த ஆபீஸ்ல ரெண்டு மாசம் லீவு குடுக்கறான்?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"நீதான் எல்லாத்தையும் பாத்துக்குவியே. எனக்கு எதுக்கு டென்ஷன்னு விட்டுட்டேன்." அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சாமர்த்தியக்காரி என்று இத்தனை வருடம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவள் அவள். மறைக்கிற பாரம்தான் அவளுடையது. அவருக்குப் பூசணிக்காய் முதல் நாளே தெரிந்திருந்தது. சோறு இறங்காத அந்த நாட்களில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "என்ன, சாப்பிடலையா?" என்று கேட்டிருக்கலாம். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது. எழுந்து நின்று பேசினாள். அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டிராத குரலில் பேசினாள். அண்ணனில் ஆரம்பித்து, கட்டியில் வந்து, மத்தியான போனில் கேட்கிற "நான் மாத்திரை போட்டேனா" வரைக்கும் ஒன்றையும் விடாமல் பேசினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது.

கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு, ரொம்ப அக்கறையோடு, "மெதுவா பேசு. உனக்கு பி.பி. இருக்குன்னு இப்பத்தானே சொன்ன?" என்றார்.

"காலையிலயே ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டிருக்கேன்" என்றாள் டோக்கன் அக்கா, குரலைக் கொஞ்சமும் இறக்காமல். "நீங்க உக்காந்து கேளுங்க."