ஒரே நாளில் பிறந்த முப்பத்தெட்டுப் பேர்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பல ரப்பர் தோட்டங்களின் நிர்வாகத்தைப் பார்த்த கம்பெனி அது. ஆறாம் மாதம் டைப்ரைட்டரை எடுத்துவிட்டு, என் மேசையில் கம்ப்யூட்டர் டெர்மினல் ஒன்றை வைத்தார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

டைப்ரைட்டரில் தப்பு வந்தால் வெள்ளை மை பூசலாம். இதில் எண்டர் தட்டும்வரை பேக்ஸ்பேஸ் போட்டு அழிக்கலாம். தட்டிவிட்டால் அந்த ரெக்கார்டை மறுபடி வரவழைத்துத்தான் திருத்த வேண்டும். செல்லாத எதையாவது அடித்தால் திரையின் அடியில் ஒரு நம்பர் மின்னும், கூடவே பீப் சத்தம். நம்பர்களுக்கு அர்த்தம் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். 07 என்றால் எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து. 12 என்றால் பெயர் இல்லை. 14 என்றால் தேதி செல்லாது.

என் உயிரை வாங்கியது அந்த 14தான். தோட்டங்களிலிருந்து வந்த பட்டியலில் பல பேருக்குப் பிறந்த தேதிக் கட்டம் காலி. தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? காலியாக விட்டால் 14. பூஜ்யம் போட்டாலும் 14. மேலதிகாரி மிஸ்டர் தனபாலனிடம் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் உள்ள போயிருக்கணும் சரோஜா. ஏதாச்சும் ஒரு தேதி போடுலா. பின்னால பாத்துக்கலாம்."

முதல் காலிக் கட்டத்துக்கு மேலே ஒரு பெரியவரின் தேதி இருந்தது, 1-1-1928. டூப் கீயைத் தட்டினால் மேலே உள்ளது அப்படியே கீழே இறங்கும். காலிக் கட்டம் உள்ளவர்களை எல்லாம் அடுத்தடுத்து அடித்து, அந்தத் தேதியையே இறக்கினேன். 14 காணாமல் போனது. சீக்கிரம் முடித்ததற்குத் தனபாலன் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

நாலு வருடம் கழித்து ஒரு ஜனவரிக் காலையில் அஞ்சலை அக்கா கவுன்டரில் வந்து நின்றார். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். மிஞ்சிப்போனால் நாற்பது வயது இருக்கும். கையில் எங்கள் பிரிண்டர் அடித்த கடிதம். ஐம்பத்தைந்து வயது நிறைந்துவிட்டதால் வேலை முடிந்தது, மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தோட்டத்து ஆபீஸ் கிராணி படிச்சுக் காட்டுனாரு. நான் பொறந்த தேதி இதுல இருக்காம்ல? எங்கம்மாவுக்கே தெரியாது தங்கச்சி. கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. இன்னொருவாட்டி சொல்லு, மனசுல வச்சுக்கிறேன். வருசா வருசம் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணலாம்ல."

கடிதத்தைப் பார்த்தேன். 1-1-1928. டெர்மினலுக்கு ஓடி, அந்த மாதம் கடிதம் போனவர்களின் பட்டியலை வரவழைத்தேன். திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் ஓடியது. முப்பத்தெட்டுப் பேர், ஒரே பிறந்த நாள். அதில் அந்தப் பெரியவர் ஒருவருக்குத்தான் அது சொந்தத் தேதி.

திரும்பி வந்து சொன்னேன். "அக்கா, அது உங்க தேதி இல்ல. நான்தான் சும்மா அடிச்சேன்."

"சும்மாவா?" அவர் என்னையே பார்த்தார். "வேலையும் வீடும் போச்சுன்னு மகள ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டிட்டேனேம்மா."



தனபாலன் என்னை ஓரமாக அழைத்தார். "வாயத் தொறக்காத. கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அது தப்பு பண்ணல சார். நாலு வருசம் முன்னாலயே 14னு சொல்லிச்சு. நாமதான் அது வாய அடைச்சோம்."

நேராகப் பெரிய மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டேன். கடுமையாகத் திட்டினார், வேலையை விட்டு நீக்கவில்லை. அந்தப் பெரியவருடையது தவிர மற்றக் கடிதங்கள் ரத்தாயின. அஞ்சலை அக்காவுக்கு வேலையும் வீடும் நிலைத்தன, மகளும் பள்ளிக்கூடம் திரும்பினாள். ஆனால் நான்கு பேர் அதற்குள் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்திருந்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லையாம். தேடியதில் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிழை காட்டினால் என்ன கேட்கிறது என்று படியுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, வேலையை நிறுத்தித் திட்டு வாங்குங்கள். திட்டு இரண்டு நாளில் மறந்துவிடும். மற்ற இரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.